பதினாறாவது கொக்கி

பார்சலைப் பிரித்து கட்டிங் டேபிளில் விரித்தபோது, அந்தப் பழைய கேன்வாஸின் நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தது.

நசீம் பானு கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். தலைமாடு சில்லென்று இருந்தது. ஓரங்களும் அப்படியே. நடுவில், ஒரு ஆள் படுத்தால் முதுகும் இடுப்பும் அழுந்துகிற இடத்தில், யாரோ அப்போதுதான் எழுந்துபோன பாய் மாதிரி வெதுவெதுப்பு. மணி பன்னிரண்டேகால். வெளியே ஐப்பசி மழை மூட்டம். ஜன்னலில் வெயில் என்று எதுவும் இல்லை.

"கண்ணு, இதச் சித்தத் தொட்டுப் பாரு."

தோளில் பயணப் பையோடு நின்ற கலைமகள் துணியைத் தொட்டாள். "எனக்கு ஜில்லுன்னுதான் இருக்குதுங்க்கா. உங்க கை சூடாட்ட இருக்குது."

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். வடநாட்டுப் பையன்கள் ரயிலேறிவிட்டார்கள். மதுரைப் பக்கத்து ஆட்கள் முந்தின ராத்திரியே பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். திருமுருகன்பூண்டியை ஒட்டியிருந்த அந்தக் கம்பெனியில் அறுபது மிஷின்களும் உறை போட்டுக் கிடந்தன. ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் கலைமகள் தாராபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நசீம் பானுவுக்கு மட்டும் லீவு இல்லை. தீபாவளி அவள் வீட்டுப் பண்டிகை இல்லை என்பதால், மூன்று நாள் வர முடியுமா என்று முதலாளி சண்முகவேல் கேட்டபோது அவளே சரி என்றிருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு வருடமாக இங்கே சேம்பிள் டெய்லர். ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்பும் மாதிரியைப் பார்த்து முதல் உருப்படியைத் தைத்துக் காட்டுவது அவள் வேலை. எந்தத் துணியானாலும் விரலால் தடவியே எங்கே பிரித்தது, எங்கே மறுபடி தைத்தது என்று சொல்லிவிடுவாள்.

இந்த முறை வந்த ஆர்டர் பனியன் இல்லை. ஐரோப்பாவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் முப்பது வருடம் துருப்பிடித்துக் கிடந்த பாய்மரக் கப்பல் ஒன்றை ஒரு அறக்கட்டளை எடுத்துச் செப்பனிட்டிருந்தது. மூன்று பாய்மரங்கள், இரும்பு உடம்பு, தொண்ணூறு வயது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கடலில் சுற்றப்போகிற பயிற்சிக் கப்பல். படுக்கக் கட்டில் கிடையாது. அந்தக் காலத்து முறைப்படியே கீழ்த்தளத்து உத்தரக் கொக்கிகளில் கேன்வாஸ் படுக்கைகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கலைமகள் அதை ஹேமக் என்றாள். நசீம் பானுவுக்கு அது தூளி. வளர்ந்தவர்கள் படுக்கிற தூளி.

முதல் பதினாறு தூளிகளை வரைபடத்தைப் பார்த்துப் போன வாரமே தைத்தாகிவிட்டது. தலைமாட்டு மடிப்பு சரியில்லை என்று சொல்லி, மாதிரிக்காகப் பையர் இந்தப் பழையதை அனுப்பியிருந்தார். செப்பனிடும்போது கீழ்த்தளச் சுவர்ப்பலகைக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்ததாம். அந்தக் கப்பலின் ஆதித் தூளிகளில் மிச்சம் இது ஒன்றுதான்.

"இதாட்டம் வேற ஒரு பயிற்சிக் கப்பல்ல எடுத்த வீடியோவ உங்க போனுக்கு அனுப்பியிருக்கறனுங்க்கா. அவங்க அங்க எப்படி இருப்பாங்கன்னு அதுல இருக்குது" என்றாள் கலைமகள். "கப்பலோட்டறதெல்லாம் புள்ளைகளேதான் பண்ணோணுமாம். கயிறு இழுக்கறது, மரத்து மேல ஏறிப் பாய் சுருட்டறது, தளத்தத் தேச்சுக் கழுவறது. நாலு மணி நேரம் வேல, அப்பறம் படுக்கை. நம்ம ஷிஃப்டாட்டந்தான்."

"நேரம் எப்படித் தெரியும் அதுங்களுக்கு?"

"மணியடிப்பாங்க. அர மணிக்கு ஒருக்கா. ஒண்ணு, ரெண்டுன்னு ஏறிட்டே போயி எட்டு அடிச்சா ஷிஃப்ட் மாத்தம். படுத்திருக்கறவங்களத் தூளிக்கு அடியில தட்டி எழுப்பி வுட்டுட்டு, மேல இருந்தவங்க வந்து படுத்துக்குவாங்க. பகலு ராத்திரி எல்லாம் கிடையாதுங்க்கா." படியிறங்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "பாத்து இருங்க. தனியா இருக்கறீங்க."

அவளுடைய ஸ்கூட்டி சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு கட்டிடம் முழுவதும் நசீம் பானு ஒருத்திதான் இருந்தாள்.

மாடி ஹாலில் தகரக் கூரை. நடுவில், கப்பலின் கீழ்த்தள அளவுப்படியே ஒரு சட்டம் நின்றது. வெல்டர் வந்து இரும்புக் குழாய்களால் போட்டது. அரை மீட்டருக்கு ஒன்று என்று பதினாறு ஜோடிக் கொக்கிகள். ஒரு பிள்ளைக்கு அவ்வளவுதான் இடம். பதினைந்தில் புதிய தூளிகளை மாட்டி, பாரம் தாங்குகிறதா என்று பார்க்க, லோடுமேன்கள் ஆளுக்குச் சமமான எடையில் மணல் மூட்டைகளைப் போட்டிருந்தார்கள். துணி மூட்டையின் மேல் இறுகி, ஒவ்வொன்றும் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள் மாதிரி பிதுங்கி நின்றது. பதினாறாவது கொக்கி மட்டும் காலி. மடிப்பின் அளவு எடுப்பதற்காக அவள் பழைய தூளியை அதில் மாட்டினாள்.

கேன்வாஸ் விரல் நுனியை ராவியது. உப்பு வாடை அடித்தது. சாயப்பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிற உப்பின் வாடை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இதற்கு அடியில் தார், ஈரமான இரும்பு, கழுவாத தலைமுடி எல்லாம் கலந்த இன்னொரு வாடை இருந்தது. ஊசியை உள்ளே விட்டு ஒரு தையலைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி முறிந்தது. இரண்டாவது ஊசியும் முறிந்தது. மூன்றாவது முறிந்து அவள் பெருவிரலில் ஏறியது.

நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் பக்கத்துச் சிற்பப் பட்டறை உளி என்று நினைத்தாள். நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அது. பிறகுதான் பட்டறைகளும் இன்று பூட்டிக் கிடப்பது நினைவுக்கு வந்தது. டிங்-டிங். டிங்-டிங். டிங்-டிங். டிங்-டிங். இரண்டிரண்டாக எட்டு. எங்கோ தலைக்கு மேலே. அவளுக்குப் பின்னால் ஒரு கொக்கி முனகியது.

திரும்பினாள். பழைய தூளி தாழ்ந்திருந்தது.

மதியம் அவள் டேப் பிடித்து அளந்து எழுதியது தரையிலிருந்து நூற்றுப்பத்து சென்டிமீட்டர். இப்போது எண்பத்தைந்து. இரண்டு முறை அளந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஆனால் துணி கீழ்நோக்கி இறுகியிருந்தது, பக்கத்து மணல் மூட்டைகளைப் போலவே. பழைய துணி, மழை ஈரம், நூல் தளர்ந்து கொடுக்கிறது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அன்றிரவு சோறு போடும்போது கணவர் அய்யூப் கேட்டார். "என்ன பானு, பேச்சே காணோம்?"

"துணி சரியில்லீங்க" என்றாள்.

மறுநாள் வந்ததும் முதல் வேலையாகத் தூளியைப் பார்த்தாள். நூற்றுப்பத்து. தூளி இலேசாகக் காற்றில் ஆடியது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அதைக் கழற்றி டேபிளில் போட்டு, விளக்கைத் தாழ்த்தி, ஓரங்களை ஆராய ஆரம்பித்தாள்.

நீளவாட்டில் இரண்டு ஓரங்களிலும் ஊசித் துளைகள் இருந்தன. தடித்த ஊசி. கையால் போட்டது. ஒரு விரல் அகலத்துக்கு ஒன்று. இரண்டு ஓரத் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்தன. யாரோ இந்தத் தூளியைப் பை மாதிரி கால்மாட்டிலிருந்து தலைமாடு வரை மூடித் தைத்திருக்கிறார்கள்.

கலைமகளுக்குப் போன் போட்டு, தூளியை எதற்கு மூடித் தைப்பார்கள் என்று கேட்டாள். பின்னால் பட்டாசுச் சத்தம்.

"அதுங்க்கா..." கலைமகள் தயங்கினாள். "அந்தக் காலத்துல கப்பல்ல யாராச்சும் இறந்துட்டா, அவங்கவங்க ஹேமக்லயே வெச்சுத் தெச்சு, கால்ல பாரங் கட்டிக் கடல்ல வுட்டுருவாங்களாம். நான் எங்கியோ படிச்சிருக்கறேன். எதுக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

போனை வைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். கால்மாட்டுத் துளைகள் ஒழுங்காக இருந்தன. நூலை அறுத்துப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் நெஞ்சுக்கு மேலே துளைகள் கிழிந்து நீண்டிருந்தன. இழைகள் எல்லாம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தன. உள்ளேயிருந்து தள்ளினால்தான் இழை அப்படி வரும். இருபத்தெட்டு வருடத் தையலில் அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தைத்து முடித்த பிறகும் உள்ளே இருந்தவனுக்கு உயிர் இருந்திருக்கிறது. தள்ளியிருக்கிறான். ஒரு விரல் நுழைகிற அளவு கிழிந்திருக்கிறது. அதற்கு மேல் கிழியவில்லை. பிறகுதான் யாரோ பிரித்து அவனை வெளியே எடுத்துவிட்டு, தூளியைச் சுவர்ப்பலகைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறார்கள்.

கீழ்த்தளத்தில் அவனுக்கு இரண்டு பக்கமும் மற்றவர்கள் படுத்திருந்திருப்பார்கள். அரை மீட்டருக்கு ஒருவர்.

எதற்கென்று தெரியாமலே தூளியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டினாள். மாட்டிய கணமே அது தாழ்ந்தது. கொக்கி முனகியது. அவள் கை இன்னும் கயிற்றில் இருந்தது. பாரம் ஏறுவதை உள்ளங்கையில் உணர்ந்தாள். துணி ஒருமுறை அசைந்தது, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவர்கள் அசைகிற மாதிரி.

அவள் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அப்படியே எவ்வளவு நேரம் நின்றாளோ. மேலே மணியடித்தது. எட்டு. சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு. தூளியின் அடியில் பளாரென்று ஒரு அறை விழுந்தது. கேன்வாஸ் எகிறியது. பாரம் சட்டென்று நீங்கி, தூளி மேலே துள்ளி வெறுமையாக ஆடியது. தண்ணீர் டேங்குக்குப் போகிற இரும்பு ஏணியில் வெறுங்கால்கள் ஏறிப்போயின. தப். தப். தப். ஏணி முடிகிற இடத்துக் கதவு பூட்டியிருந்தது. பூட்டு அசையவில்லை. கால்கள் அதைத் தாண்டிப் போயின.

தூளியைத் தொட்டாள். சூடாக இருந்தது.

அப்போதே அவள் கிளம்பியிருக்கலாம். ஆனால் பூட்டியதும் சாவியை வாங்கிக்கொள்ளச் சண்முகவேல் வர வேண்டும். அவர் சாயங்காலம்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். கீழே கேட் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கலைமகள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தாள். மழையில் ஒரு பெண் பிள்ளை பாய்மரத்தின் மேல் வயிற்றால் தொங்கிக்கொண்டு துணியை இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தது. பிறகு கீழ்த்தளம். வரிசையாகத் தூளிகள். கப்பல் சாயும்போது தூளிகள் ஆடவில்லை. அவை நேராகத் தொங்க, சுவரும் தரையும்தான் அவற்றைச் சுற்றிச் சாய்ந்தன. ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மேலுதட்டில் இன்னும் மீசை அரும்பவில்லை.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்பு, டேபிள் விளக்கை அணைக்கவில்லையே என்று ஞாபகம் வந்து மேலே போனாள். அணைத்துவிட்டுத் திரும்பும்போது மணியடித்தது. ஏணியில் கால்கள் இறங்கின. அவள் தூளிக்கும் ஏணிக்கும் நடுவில் நின்றிருந்தாள். நகரத் தோன்றவில்லை. ஈரமான, கடினமான ஒரு தோள் அவள் மார்பில் இடித்து அவளை மிஷினின் மேல் எறிந்தது. இடறியதோ தெரியாமல் பட்டதோ இல்லை அது. வழியில் நிற்பவர்களைப் பிடிக்காத தோள். கொக்கி முனகியது. தூளி தாழ்ந்தது.

சண்முகவேல் நாலரைக்கு வந்தார். அவள் சொன்னதையெல்லாம் கைகட்டி நின்று கேட்டார். அவர் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"பானும்மா, துணி துணிதானுங்க. நீங்க ரெண்டு நாளாத் தனியா இருந்துட்டீங்க, அதுதான்."

"என்ற துப்பட்டாவப் பாருங்ணா. தொட்டுப் பாருங்க. ஈரமாக் கெடக்குது."

"மேல தகரம் ஒழுகுதுங்க. ஆளு வரட்டும், பாத்துருவோம்."

"அந்தப் புள்ளைக இதுலதானுங்ணா போயிப் படுக்கப் போகுது. இத அவங்களுக்குத் திருப்பி அனுப்பக் கூடாதுங்க. எரிச்சுப் போடுங்க."

அவர் முகம் மாறியது. "அது பையரோட சொத்துங்க. ஒரு பிசிறு போனாலும் நாந்தான் பதில் சொல்லோணும். அதுல யாரும் கை வெக்கக் கூடாது. நாளைக்கு மூணரைக்கு நான் வாறேன். ஆள் படுத்திருக்கற மாதிரி வீடியோ ஒண்ணு எடுத்து அனுப்பிப்போட்டா வேல முடிஞ்சுது. தலைமாட்டு மடிப்ப மட்டும் முடிச்சு வெச்சுருங்க." சாவியை அவளிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

இரவு முழுவதும் அவள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டுக்குப் போகிறது. நாலுக்கு வருகிறது. நடுவில் நாலு மணி நேரம் தூளி காலி.

தீபாவளியன்று மழை பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணி வரை அவள் கேட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை. சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்று, மேலே எட்டு அடித்து ஓய்வதைக் கேட்டாள். தூளியின் அடியில் விழுகிற அந்த அறை. ஏணியில் கால்கள். பிறகு ஓடி ஏறினாள். தூளியை அறுத்து இறக்கி டேபிளில் போட்டு, கட்டிங் மிஷினை ஓடவிட்டாள். கத்தி முதலில் ஏறவில்லை. மாட்டுத் தோலை அறுக்கிற மாதிரி மக்கர் பண்ணியது. அழுத்தினாள். ஏறியது. தலைமாடு, நெஞ்சு, இடுப்பு, கால். கைக்குட்டை அளவுக்குத் துண்டு துண்டாக அறுத்து, கழிவுத் துணி மூட்டைகள் நாலில் பிரித்துத் திணித்து வாயைக் கட்டினாள். சூடு அடங்கிப்போயிருந்தது. துண்டுகள் வெறும் துணியாக இருந்தன.

பதினாறாவது கொக்கியில் புதிய தூளி ஒன்றை மாட்டினாள். தொட்டுப் பார்த்தாள். சில்லென்று, மொடமொடவென்று, இந்த ஊர் நூலின் வாடையோடு இருந்தது. மூன்று நாளில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள்.

சண்முகவேல் வர மூன்றே முக்கால் ஆகிவிட்டது. புது வேட்டி, புதுச் சட்டை, கையில் அவளுக்கென்று ஒரு இனிப்புப் பெட்டி. கொக்கியைப் பார்த்தார். டேபிளைப் பார்த்தார். டேபிளின் கீழே ஒரு பழைய கேன்வாஸ் நறுக்கு கிடந்தது. அதைக் குனிந்து எடுத்தார்.

"என்னுங்க இது?"

அவள் பார்வை கழிவு மூட்டைகளுக்குப் போனது.

"பதினோரு வருசமுங்க பானும்மா." குரல் இன்னும் தணிந்துதான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "கம்பெனிச் சாவியவே உங்க கையில குடுத்தனுங்களே. இதுக்குத்தானுங்களா?"

"அண்ணா, பத்து நிமிசத்துல நாலாயிரும். கீழ போயிப் பேசலாம் வாங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

"நாலானா என்னுங்க ஆகும்?" போனை எடுத்து அவள் கையில் வைத்தார். "புடிங்க. வீடியோ எடுங்க. நானே படுக்கறேன். ஒண்ணும் ஆகறதில்லைன்னு நீங்களே கண்ணால பாருங்க. அதுக்கப்பறம் உங்க வேல போதுமுங்க எனக்கு."

"வேண்டாமுங்ணா!"

அவர் வேட்டியை மடித்துக் கட்டி, குழாயைப் பிடித்து எம்பி, பதினாறாவது தூளியில் ஏறிப் படுத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடுங்க பானும்மா."

அவள் எடுத்தாள். அதைப் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள். கையை எடுத்தாள்.

வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. திரையில் பதினாறு தூளிகள் வரிசையாகத் தொங்கின. மழை தகரத்தை அறைந்தது.

டிங்-டிங்.

"என்ன சத்தமுங்க அது?" என்றார் தூளிக்குள்ளிருந்து.

டிங்-டிங். டிங்-டிங். டிங்-டிங்.

அலமாரியிலிருந்து ஒரு நூல் கோன் விழுந்தது. உருண்டது. ஹாலின் குறுக்கே இடது சுவர் வரை உருண்டு போய் நின்றது. பிறகு திரும்பி வந்தது. இன்னொன்று விழுந்தது. பத்து. இருபது. கோன்கள் எல்லாம் சேர்ந்து வலப்புறம் ஓடின, நின்றன, இடப்புறம் ஓடின. அவள் ஒரு மிஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தூளிகள் ஆடவில்லை. ஒன்றுகூட ஆடவில்லை. தரைதான் சாய்ந்தது.

ஏணி.

தப். தப். தப்.

முதல் தூளிக்கு அடியில் ஒரு அறை விழுந்தது. மணல் மூட்டை. அடுத்தது. மணல் மூட்டை. அடுத்தது. ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தது. தன் இடத்தைத் தேடிக்கொண்டு. ஒவ்வொரு அறையும் முந்தினதைவிட ஓங்கி விழுந்தது. பன்னிரண்டு. பதின்மூன்று. கேன்வாஸ் கிழிகிற மாதிரி. பதினான்கு. பதினைந்து.

பதினாறாவதில் அறை விழவில்லை.

"பானும்மா," என்றார் சண்முகவேல். "யாருங்க இது? யாரோ... நவுருங்க. ஏனுங்க, எடமில்லீங்க..."

தூளி தாழ்ந்தது. ஒரு ஆள் பாரம் இருந்த இடத்தில் இரண்டு ஆள் பாரம். கொக்கி வளைந்தது. துணியின் அடியில் இரண்டு முதுகுகள் பதிந்தன, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு. ஒன்று அகலமானது. ஒன்று குறுகலானது, தண்டுவடம் எலும்பெலும்பாகத் தெரிந்தது. தூளி தரையைத் தொட்டது. அவர் கத்தினார். அந்தக் கத்தலுக்குள் தண்ணீர் புகுந்தது. கொப்பளிக்கிற சத்தம். கேன்வாஸின் ஒவ்வொரு இழையிலிருந்தும் நீர் வழிந்தது, பிறகு கொட்டியது, தரை முழுக்கப் பரவி அவள் பாதத்தை நனைத்தது. கைப் பெருவிரலின் ஊசிக் காயத்தில் ஒரு துளி தெறித்து எரிந்தது. உப்பு.

அவருடைய கை வெளியே வந்து காற்றைப் பிடித்தது. ஐந்து விரல்கள். நான்கு. உள்ளே போயிற்று.

தரை சாய்வது நின்றது. கோன்கள் நின்றன.

தூளி மெதுவாக மேலே ஏற ஆரம்பித்தது. தரையைவிட்டு எழும்பி, முழங்கால் உயரம், இடுப்பு உயரம். ஒரு ஆள் பாரத்துக்கு வந்து நின்றது. மெலிந்த ஒரு ஆள்.

"அண்ணா?" என்றாள்.

தூளிக்குள் எங்கோ ஆழத்தில், நீருக்கடியில் ஒலிக்கிற மாதிரி, அவருடைய இன்னொரு போன் அடித்தது. வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். நாலு முறை அடித்தது. ஐந்தாவது பாதியில் அறுந்தது.

தூளியின் விளிம்பில் விரல்கள் வந்தன. வெளுத்து, ஊறி, சுருங்கிய விரல்கள். நுனிகளில் நகம் இல்லை. இருந்த இடம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அவை அவசரப்படவில்லை. புதுத் துணியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தன, அவள் போட்ட தையலின் மேல் ஒருமுறை ஓடின, பிடித்துக்கொண்டன. இரண்டு ஓரங்களையும் தன் மேல் இழுத்து மூடிக்கொண்டு, அது சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்தது.